டிக் டிக் சத்தத்துடன் கல்முனை வரை

பயணக் கட்டுரை என்றால் தூரதேசம் போய் வந்தவர்கள் எழுதுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான் போனது களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனைக்கு. வழியில் மறிப்பு இல்லாவிட்டால் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அந்தத் தூரத்தைப் போய்த் திரும்ப எனக்கு மூன்று நாட்கள் எடுத்தன. எனது வானின் எஞ்சினுக்குள் இருந்து வந்த ஒரு சத்தம்தான் காரணம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனது சொந்த இடம் படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கம். 2007 மார்ச் மாதம் ஷெல்லடிக்குள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாவிக்கு இந்தப் பக்கம் வந்த ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கிழமையோடு கணவர் இல்லை. எங்கே, எப்படி என்று இன்றுவரை தெரியாது. மகளுக்கு அப்போது நான்கு வயது. மகன் கைக்குழந்தை. இடியப்பம் அவித்து விற்றேன், தையல் தைத்தேன், கூலிக்கு வெங்காயம் பிடுங்கினேன். 2016 இல் சங்கத்துக் கடனும் அடகு வைத்த நகையுமாக ஒரு பழைய வானை வாங்கினேன். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு இரண்டு தடவை பெயிலாகி மூன்றாம் தடவைதான் எடுத்தேன். அன்றிலிருந்து பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் எங்கள் வீட்டின் சோறு.

வான் 1994 இல் ஜப்பானில் செய்தது. நமது நாட்டில் ‘டொல்பின்’ என்று பேர் விழுந்த டொயோட்டா ஹையேஸ். அதில் இருப்பது மூன்று எல் என்று சொல்லப்படும் 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், நான்கு சிலிண்டர். இந்த வானில் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழேதான் இருக்கிறது. சீற்றைத் தூக்கினால் எஞ்சின். ஆகவே அது இருமினாலும் தும்மினாலும் ஓட்டுகிறவளின் இடுப்புக்குக் கீழேயே கேட்கும்.

சென்ற தவணையின் நடுவில் ஒருநாள் காலை ஒரு புதிய சத்தம் கேட்டது. டிக், டிக், டிக் என்று, தையல் மெசினை யாரோ அவசரமாக மிதிப்பது போல. டீசல் எஞ்சின் எப்போதும் கடகடத்துக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கடகடப்புக்கு மேலே தனியாக இது கேட்டது.

பக்கத்து ஊர் ஒன்றில் இருந்த கராஜுக்குக் கொண்டுபோனேன். ஊரும் பேரும் வேண்டாம். அங்கிருந்தவர் எஞ்சினை ஒருதரம் உறுமவைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், கூட வந்த என் மகனைப் பார்த்துச் சொன்னார்: “கொன்ரொட் பெயாரிங் போயிட்டு தம்பி. எஞ்சின் இறக்கி ஓவர்ஹோல் பண்ணணும். அஞ்சு லட்சம் வரும்.” மகன் உயர்தரம் படிக்கிறவன். வாகனத்தைப் பற்றி அவனுக்கு என்னை விடக் குறைவாகத்தான் தெரியும். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இரண்டு நாளுக்குள் ஒரு தரகர் வீட்டுக்கு வந்துவிட்டார். “எஞ்சின் போன வான், இருக்கிற விலைக்குக் கொடுத்துவிடுங்க அக்கா” என்றார். செய்தி எப்படிப் போனதோ தெரியாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிடப்பட்டது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வருகின்ற விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. இதை விற்றால் இன்னொன்று இந்தப் பிறவியில் வாங்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

விற்கவும் இல்லை, ஐந்து லட்சத்துக்கு ஓடவும் இல்லை. பிள்ளைகளின் வரவு குறிக்கின்ற கொப்பியின் ஓரத்தில் சத்தத்தைக் குறிக்கத் தொடங்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காணாமல் போனவர்களின் குடும்பத்தவர்கள் எல்லோரிடமும் இந்தப் பழக்கம் இருக்கிறது போல. திகதி, நேரம், இடம், யார் பார்த்தது. ‘காலை 6.05 சத்தம் கூட. 6.20 குறைவு. கல்லாற்றுப் பாலம் ஏறும்போது திரும்ப. ஞாயிறு, பிள்ளைகள் இல்லை, மிகக் குறைவு.’ இதற்கிடையில் முன் சீற்றில் இருக்கின்ற சின்னவள் ஒருத்தி இரண்டு நாள் வாந்தி எடுத்தாள். காலைச் சாப்பாடு ஒத்துவரவில்லை என்று அவள் தாயிடம் சொன்னேன். அதையும் குறித்திருந்தேன்.

விடுமுறை விட்ட வியாழக்கிழமை மருதமுனை ராத்தா களுவாஞ்சிகுடிச் சந்தைக்குச் சாரம், சாரி விற்க வந்திருந்தார். பத்து வருடமாகப் பழக்கம். எங்கள் சங்கத்தில் கடன் எடுத்தவர், ஒருநாளும் தவணை பிந்தாதவர். “கல்முனையில ஒரு பழைய பாஸ் இரிக்கார் தங்கச்சி. எங்கட மச்சானுக்குத் தெரிஞ்சவர். மெதுவாப் போவம், வாங்க” என்றார். அவருடைய துணிப் பொட்டணங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு நாடா போல வீதி. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் என்று சுற்றிவந்து மட்டக்களப்பில் முடிகின்ற ஏ 4 வீதி இதுதான். பாலத்தில் ஏறியபோது சத்தம் வந்தது. ராத்தா கதைப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். பெரியநீலாவணையில் அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. அந்த இடத்தில் ஒரு மதிலோரமாக நிறுத்தச் சொன்னார்.

“இப்ப ஓடாம நிண்டுகொண்டு உறுமவைங்க.”

உறுமவைத்தேன். டிக் டிக் இருந்தது. “அப்ப சில்லில இல்ல, மெசினிலதான்” என்றார். சில்லில் சத்தம் என்றால் வான் ஓடும்போதுதான் வரும், நின்றால் நின்றுவிடும். எட்டு வருடம் ஓட்டியும் இந்தச் சின்ன விசயம் எனக்குத் தோன்றவில்லை. மதிலோரமாக நிறுத்தச் சொன்னதும் சும்மா அல்ல. வெளியில் பரந்து போகின்ற சத்தத்தை மதில் திருப்பி அனுப்புகிறது. கண்ணாடியை இறக்கிவிட்டால் நன்றாகக் கேட்கும். எங்கே படித்தீர்கள் ராத்தா என்று கேட்டேன். நாற்பது வருடம் தறியில் இருந்தவளுக்கு இது என்ன பெரிய படிப்பு என்பது போலப் பார்த்தார்.

அந்த வீதியால் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வரும். ஒரு ஊர் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் சொல்லலாம். பாண்டிருப்பில் தீமிதிப்புக்குப் பேர்போன திரௌபதை அம்மன் கோயில். கல்முனைக்குடியில் கொடியேற்றத்துக்குச் சனம் திரளும் கடற்கரைப் பள்ளிவாசல். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல இருந்தோம் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். பிட்டை அவிக்கிற எங்களுக்குத் தெரியும், 1990 க்குப் பிறகு அந்தக் குழலில் எவ்வளவு காலம் நெருப்பில்லாமல் கிடந்தது என்று. இந்த ஊர்களுக்கு இடையிலான ஒழுங்கைகள் பொழுதுபட்டால் பூட்டிக்கிடந்த வருடங்கள் உண்டு. இரண்டு பக்கத்திலும் செத்தவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது அது பெயர்ப்பலகை பார்க்கவில்லை. நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான், பத்தாயிரத்துக்கும் மேல். ராத்தாவின் பழைய வீடும் தறியும் அன்று போனவை. அவர் அதைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை.

கல்முனை பஸார் வழக்கம்போல நெரிந்துகொண்டிருந்தது. புடவைக் கடை, நகைக் கடை, ஓட்டோ, பஸ், இடையில் மீன்காரனின் சைக்கிள். கராஜ் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. தகரக் கொட்டில், ஒயில் ஊறிக் கறுத்த மண், முன்னால் ஒரு வேப்பமரம். பாஸுக்கு எழுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். தொப்பியும் கைப்பனியனும். நான் சாவியைத் திருப்பப் போனபோது கையைக் காட்டி மறித்தார்.

“வேணாம் மகள். சூட்டோட வந்திருக்கிறீங்க. முதல்ல சொல்லுங்க, எப்ப சத்தம் வரும்?”

கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து, வரிவரியாக வாசித்தார். இடையிடையே கேட்டார். சூடானதும் குறையுமா? பாரம் இருந்தால் கூடுமா? மெல்லிய சத்தமா, அடிவயிற்றில் குத்துகிற மாதிரி மொத்தச் சத்தமா? ஒயில் லைட் எப்போதாவது எரிந்ததா? புகை மணக்குமா? எத்தனையோ காரியாலயங்களில் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் இருந்திருக்கிறேன். நான் எழுதிக் கொண்டுபோனதை ஒருவர் இப்படி வாசித்ததை நான் கண்டதில்லை.

பிறகு சொன்னார்: “பெயாரிங் எண்டா சூடாகச் சூடாகச் சத்தம் கூடும் மகள், குறையாது.” எஞ்சின் சூடானால் ஒயில் இளகித் தண்ணீராகும். பெயாரிங் தேய்ந்து இடைவெளி இருந்தால் இளகிய ஒயில் அதைத் தாங்காது, தட்டுவது கூடும். அது மொத்தமான, கனத்த சத்தம். பாரம் ஏற்றினால் இன்னும் மோசமாகும். அப்படிக் கேட்டால் அந்த இடத்திலேயே வாகனத்தை நிறுத்திவிட வேண்டும், வீடுவரைக்கும் போய்விடலாம் என்று ஓட்டக்கூடாது. ஒயில் லைட் எரிந்தாலும் அப்படித்தான். எனது சத்தம் மெல்லியது, குளிரில் வந்து சூட்டில் போகிறது. ஐந்து லட்சத்தில் அரைவாசி அந்த நிமிடமே என் தலையிலிருந்து இறங்கியது.

யாழ்ப்பாணத்துக் கதை ஒன்றும் சொன்னார். 1990களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் அங்கே பழைய ஏ போட்டி, மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் அல்லவா, அந்த எஞ்சின்கள் தட்டுகின்ற தட்டு வேறு. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்துவிடும். அப்படித் தட்டிக்கொண்டே அந்தக் கார்கள் எத்தனை கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கும் என்றார்.

வானை இரவு அங்கேயே விடச் சொன்னார். முழுதாகக் குளிர்ந்த எஞ்சினைத்தான் பார்க்க வேண்டுமாம். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆனாலும் ஜும்ஆவுக்கு முன் பார்த்துத் தருவதாகச் சொன்னார். சாவியை வாங்கும்போது எனது ஊரைக் கேட்டார். வெல்லாவெளிப் பக்கம் என்றேன். 2002 க்குப் பிறகு சமாதானம் இருந்த காலத்தில் அந்தப் பக்கத்திலிருந்து கிட்டங்கியால் லேண்ட்மாஸ்டர் கொண்டுவருகிறவர்கள் தன்னிடம்தான் வருவார்கள் என்றார். எனது கணவரும் கல்முனைக்குத்தான் லேண்ட்மாஸ்டரைக் கொண்டுவருவார். இவரிடமா, வேறு எவரிடமா என்று எனக்குத் தெரியாது. உயரமான ஆள், இடது புருவத்தில் தழும்பு என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கன பேர் வந்தாங்க மகள். இப்ப எங்க அவர்?” என்றார். 2007 க்குப் பிறகு தெரியாது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொடியனைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி வாங்கிவரச் சொன்னார்.

அன்றிரவு மருதமுனையில் ராத்தா வீட்டில் தங்கினேன். ஒரு முஸ்லிம் வீட்டில் நான் இரவு தங்கியது அதுதான் முதல்தரம். வெள்ளைச் சோறும் மீன் ஆணமும் புளியாணமும். என் மகள் தொலைபேசியில் இரண்டுதரம் எடுத்து, “அம்மா ஓகேதானே?” என்று கேட்டாள். பக்கத்து அறையில் தறி. இப்போது மின்தறிகள் வந்து கைத்தறியின் இடத்தைப் பிடித்துவிட்டன. ராத்தாவின் கைகள் இன்னும் விடவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முழம் நெய்து காட்டினார். நாடா அந்தப் பக்கம், இந்தப் பக்கம், மிதி, அடி. கண்ணை மூடிக் கேட்கச் சொன்னார். நூல் அறுந்தால் கண்ணுக்கு முன்னம் காதுக்குத் தெரிந்துவிடுமாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நித்திரைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கராஜில் நின்றோம். முன் சீற்றைத் தூக்கி வைத்திருந்தார்கள். முதலில் எனது சாரித் தலைப்பைச் சுற்றி இடுப்பில் இறுகச் சொருகச் சொன்னார், ராத்தாவைத் தள்ளி நிற்கச் சொன்னார். காத்தாடியும் பெல்ட்டும் துணியையும் தலைமயிரையும் ஒரு நொடியில் இழுத்துக்கொள்ளும். இதைச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்குச் சாரதிப் பயிற்சி தந்த எவருக்கும் தோன்றவில்லை.

ஒயில் கம்பியை இழுத்து, துடைத்து, திரும்ப விட்டு எடுத்தார். அளவு சரி. ஒயில் குறைந்தாலே டிக் டிக் வரும், காசில்லாத வைத்தியம் அதுதான், அதை முதலில் பார்க்க வேண்டும் என்றார். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலே மேல்மூடியைக் கழற்றினார்.

உள்ளே ஒரு நீளத் தண்டு, அதில் முட்டை வடிவத்தில் புடைப்புகள். அந்தத் தண்டு சுற்றும்போது புடைப்பு ஒவ்வொன்றாக வால்வுகளை அமுக்கித் திறக்கிறது. எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்ற இது ஒரு சுற்று. அதனால் வால்வுப் பக்கத்துச் சத்தம் எஞ்சினின் வேகத்தில் பாதி வேகத்தில் கேட்கும். புடைப்புக்கும் வால்வின் தலையில் இருக்கின்ற கிண்ணத்துக்கும் இடையில் மயிரிழை இடைவெளி விடவேண்டும். இரும்பு சூட்டில் நீளும் அல்லவா, அதற்கு இடம். இந்த எஞ்சினுக்கு, குளிர்ந்திருக்கும்போது, காற்று உள்ளே வருகின்ற வால்வுக்கு 0.20 இலிருந்து 0.30 மில்லிமீற்றர். புகை வெளியே போகின்ற வால்வுக்கு 0.40 இலிருந்து 0.50. எழுதுகின்ற தாள் ஒன்று ஏறக்குறைய 0.10 தடிப்பு என்று வைத்தால், அது இரண்டு மூன்று தாள், இது நான்கைந்து தாள். இடைவெளி கூடினால் தட்டும். அதைத்தான் டெப்பட் சத்தம் என்கிறார்கள்.

அளவுத் தகடுகளை ஒவ்வொன்றாக விட்டு இழுத்துப் பார்த்தார். எட்டு வால்வு. எதுவும் கூடுதலாக இல்லை. டெப்பட் அல்ல. ஆனால் மூன்றாவது சிலிண்டரில் புகை போகின்ற வால்வுக்கு வந்தபோது தகடு உள்ளே போகவில்லை. மெல்லிய தகடுகளாக மாற்றி மாற்றி, கடைசியில் 0.20 தான் போனது. பாதிக்கும் குறைவு. என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். வெண்ணெயில் கத்தி இழுப்பது போல ஒரு மெல்லிய பிடிமானம்.

“இது சத்தம் போடாது மகள்” என்றார். “தட்டுற வால்வு ஒண்டும் செய்யாது, சத்தம்தான். இது பேசாம இருந்து எரிஞ்சு போகும்.”

வால்வு வந்து உட்காருகின்ற இடம் வருடக்கணக்கில் தேயத் தேய, வால்வு மேலே ஏறி இடைவெளியைத் தின்றுவிடுகிறது. பிறகு சூட்டில் நீண்டால் முழுதாக மூடாது. மூடினால்தான் அதன் சூடு மற்ற இரும்புக்கு இறங்கும். மூடாத ஒடுக்கத்தால் நெருப்புக் காற்று பாய்ந்து பாய்ந்து விளிம்பை எரித்துவிடும். அது நடந்தால் ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டும். நான் ஒரு சத்தத்தைத் தேடி வந்தேன். ஆபத்து சத்தமில்லாத இடத்தில் இருந்தது.

மூடியைத் திரும்பப் பூட்டி, இப்போது ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். டிக், டிக், டிக். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகின்ற குழாய் ஒன்றில் ஒரு முழம் வெட்டி வைத்திருந்தார். ஒரு நுனி காதில், மறுநுனி எஞ்சினில். நீளமான ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்தும் கேட்கலாம், குழாய் கையைக் கிழிக்காது என்றார். தான் கேட்டுவிட்டுக் குழாயை என் கையில் தந்தார்.

கர்ப்பமாக இருந்தபோது மருத்துவமாது ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுப்பார், நினைவிருக்கிறதா? இரண்டு பிள்ளைக்கும் அந்தக் குழல் என் வயிற்றில் பட்ட குளிர் எனக்கு இன்னும் தெரியும். இப்போது கேட்பது எனது முறை. டைனமோவில் வைத்தால் ஒரு சீரான சுழற்சி, பெயாரிங் நல்லது. டீசல் பம்பில் வைத்தால் அடர்ந்த கடகடப்பு. நொசல் ஒவ்வொன்றிலும் கூரான சொடுக்கு, நான்கும் ஒரே மாதிரி. ஒன்று மட்டும் வேறாகக் கேட்டால் அந்த நொசலைச் சந்தேகிக்க வேண்டும். பழைய பம்ப் எஞ்சினில் நொசல் குழாயின் நட்டைச் சற்று இளக்கிப் பார்க்கின்ற முறை ஒன்று மெக்கானிக்மாரிடம் உண்டு. நாங்கள் செய்யக்கூடாது. அந்த அழுத்தத்தில் பீறுகின்ற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். இப்போதைய புதிய டீசல் எஞ்சின்களில் மெக்கானிக்கும் செய்யக்கூடாது. கடைசியாகப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டார். தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் என்பதால் அதற்குமேல் விடமுடியாது. சத்தம் அப்படியே இருந்தது. ஆகவே பெல்ட்டில் சுற்றுகின்ற எதிலும் இல்லை.

குழாயைப் புகை போகின்ற மெனிபோல்ட் பக்கம் கொண்டுபோனேன். முன்னிருந்து மூன்றாவது இடத்தில் காதுக்குள் யாரோ துப்புவது போல இருந்தது. தப், தப், தப். திடுக்கிட்டுக் குழாயை எடுத்துவிட்டேன். பாஸ் சிரித்தார். அவர் ஏற்கனவே கண்டுபிடித்துவிட்டுத்தான் என்னிடம் தந்திருக்கிறார்.

பொடியன் ஈரச் சாக்கை மடித்துச் சைலன்சர் வாயில் ஒரு கணம் அமர்த்திப் பிடித்தான். சத்தம் இரட்டிப்பாகியது. சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தார்கள், அந்த இடத்தில் நுரை கொப்பளித்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் மெனிபோல்ட் ஹெட்டோடு சேருகின்ற இடத்தில் கரி விசிறி போலப் படிந்திருந்தது. ஒரு ஸ்டட் துருப்பிடித்து முறிந்து, கேஸ்கட் அந்த மூலையில் ஊதிப்போயிருந்தது. உப்புக்காற்று என்றார். கடலோரத்து வாகனத்துக்கு உப்புக்காற்று சும்மா விடாது. குளிரில் இடைவெளி திறந்திருக்கும், புகை அதனால் சொடுக்கிச் சொடுக்கி வெளியேறும். சூடானதும் இரும்பு விரிந்து அடைபடும். பாரம் ஏற்றிப் பாலம் ஏறினால் அழுத்தம் கூடித் திரும்பத் திறக்கும். எனது கொப்பியில் இருந்தது அவ்வளவும் இதுதான்.

“முன் சீற்றில பிள்ளைகள் இரிப்பாங்களா?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. புகை சீற்றுக்குக் கீழே, கண்ணாடி பூட்டிய வானுக்குள். வாந்தி எடுத்த சின்னவள். நான் அவள் தாயின் சமையலைக் குறை சொன்னவள். அந்தக் காலை வேளையில் எனக்கு வியர்த்துவிட்டது. இதை எழுதும்போதும் அந்தத் தாயின் முகம்தான் முன்னால் நிற்கிறது. வந்தவுடன் அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம்.

ஜும்ஆவுக்குப் பிறகு ராத்தா வீட்டில் இன்னுமொரு இரவு. சனிக்கிழமை வேலை நடந்தது. முறிந்த ஸ்டட்டின் கட்டையில் ஒரு நட்டை வெல்டிங்கில் ஒட்டி, அந்தச் சூட்டிலேயே மெல்ல மெல்லத் திருகி எடுத்தார்கள். புதிய கேஸ்கட், புதிய ஸ்டட். இறுகியிருந்த வால்வுக்குக் கிண்ணத்தின் மேல் இருக்கின்ற வட்டத் தகட்டை எடுத்துவிட்டு, கால் மில்லிமீற்றர் மெல்லியதைப் போட்டார். அதற்குச் சிம் என்று பெயர். ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய சிம்கள் வைத்திருந்தார், அளந்து அளந்து ஒன்றைத் தேடி எடுத்தார். திரும்ப அளந்தபோது 0.45. எல்லாமாகப் பதினெட்டாயிரம் ரூபா. கழற்றிய கேஸ்கட்டையும் ஸ்டட்டையும் பழைய சிம்மையும் ஒரு பேப்பரில் சுற்றி என்னிடமே தந்தார். அடுத்த வருடம் அந்த வால்வைத் திரும்ப அளக்க வேண்டும், தேயத் தொடங்கியது நிற்காது என்று கொப்பியில் தன் கையாலேயே எழுதினார்.

பின்னேரம் ராத்தாவை மருதமுனையில் இறக்கிவிடப் புறப்பட்டோம். எஞ்சின் டீசலுக்குரிய கடகடப்போடு மட்டும் ஓடியது. இரண்டு பேரும் கண்ணாடியை இறக்கிவிட்டு, கதைக்காமல், மதிலோரமாகப் போனோம். பாண்டிருப்பு தாண்டும்போது டிக் என்றது. பிறகு ஒரு டிக். எனக்கு நெஞ்சு அடைத்தது. ராத்தா கையைத் தூக்கினார். நிறுத்தினேன். நின்றுகொண்டு உறுமவைத்தேன். ஒன்றுமில்லை. மெதுவாக உருட்டினேன். டிக்.

இறங்கிப் போய்ப் பின்சில்லைப் பார்த்தோம். டயரின் வெட்டுக்குள் புளியங்கொட்டை அளவில் ஒரு கல். ஸ்குரூ டிரைவரால் கிண்டி எடுத்தேன். ராத்தா அதை வாங்கிப் பார்த்துவிட்டு வீதியோரத்தில் எறிந்தார்.

“ஏறுங்க தங்கச்சி, மஃரிபுக்கு நேரமாகுது” என்றார்.